பழைய சிஜே 500 டி ஜீப்புக்கு ஹைட்ராலிக் கிளட்ச்: மன்னார்குடிப் பக்கம் செய்த வேலை

எங்கள் வீட்டு ஜீப் மஹிந்திரா சிஜே 500 டி. அப்பா வாங்கியது. உள்ளே இருப்பது எம்டி 2350 டீசல் எஞ்சின். இன்டர்நேஷனல் பி 275 டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்தது என்பதால் எங்கள் ஊர் டிராக்டர் மெக்கானிக்கே அதைப் பிரித்து மாட்டிவிடுவார். எஞ்சினில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குறையெல்லாம் கிளட்ச்சில்தான்.

டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுக்கரைதான். எங்கள் களத்திலிருந்து நெல்லை ஏற்றிக்கொண்டு பாமணியாற்றுக் கரையில் ஏறினால்தான் தார் ரோடு கிடைக்கும். ஏற்றம் பத்தடிகூட இருக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய களிமண்ணில், மிதியைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து ஏற்றும்போது வண்டி உடம்பெல்லாம் உதறும். அப்பா காலத்திலிருந்தே இதை எஞ்சின் உதறல் என்றுதான் நினைத்திருந்தோம்.

காரணம் கால்மிதிக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் இருந்தது. இந்த வண்டியில் மிதியின் அசைவு ஒரு குறுக்குக் குழாய் வழியாகப் போகிறது, இதைத்தான் லிங்கேஜ் என்பார்கள். குழாயின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை எஞ்சின் பக்கம். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில். பாரம் இழுக்கையில் எஞ்சின் சாயும், சேஸிஸ் சாயாது. நம் கால் அசையாமல் இருந்தாலும் கிளட்ச் தானாகப் பிடித்து விடும், விட்டுப் பிடிக்கும். அதோடு குழாயின் இரண்டு முனைக் குண்டுகளும் தேய்ந்துபோய் மிதியில் மூன்று விரல் அளவு வெறும் ஆட்டம். ஹைட்ராலிக்கில் மிதிப் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்தத் தள்ளலில் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் நகரும். நடுவே இருப்பது ஆயிலும் ஒரு ரப்பர் ஹோஸும்தான். எஞ்சின் எப்படி ஆடினாலும் ஹோஸ் வளைந்து கொடுத்துவிடும்.

லிங்கேஜை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் போடும் இந்த மாற்றத்தை முதலில் வேறு ஓர் ஊரில் செய்தேன். வண்டி வெளியே வந்தபோது மிதி பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டி மிதித்தே இடுப்பு வலி கண்டவள் நான். ஆனால் வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கியர் பல் அரைக்கிற சத்தம். கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டு முறை திரும்பப் போனேன், ஆயிலுக்குள் புகுந்த ஏரை எடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் முறை போகவில்லை.

அப்புறம்தான் மன்னார்குடி - திருத்துறைப்பூண்டி சாலையில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார பாய் வண்டியைத் தொடவே இல்லை. "அக்கா, நீங்க மிதிங்க" என்று சொல்லிவிட்டு டார்ச்சுடன் அடியில் படுத்தார். நான் மிதிக்க மிதிக்க, மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கிய தகடு வளைவதை என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மெல்லிய தகடு. மிதிக்கிற தூரத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுகொண்டிருந்தது.

பிறகு சிலிண்டர்களைக் கழற்றி அளந்தார். மாஸ்டர் 5/8 அங்குலம், ஸ்லேவ் 7/8 அங்குலம். தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். மாஸ்டர் 30 மில்லிமீட்டர் போனால் ஸ்லேவ் 15 மில்லிமீட்டர்தான் நகரும். எங்கள் வண்டியில் கிளட்ச்சை விடுவிக்கிற கவையான ஃபோர்க்கின் முனை கிட்டத்தட்ட 20 நகர்ந்தால்தான் கிளட்ச் விடுகிறது. மாஸ்டரை 3/4 அங்குலமாக மாற்றினால் அதே 30க்கு 22 கிடைக்கும். "ஆனா மிதி இப்ப இருக்கறதவிட கனக்கும். பிரஷர் பிளேட் ஸ்பிரிங் அதேதானே. லேசா இருக்கணும்னா அது வேற வேலைக்கா, இது ஒழுங்கா இருக்கறதுக்கான வேலை." இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று நான் மகிழ்ந்ததும் ரிவர்ஸ் அரைத்ததும் மாஸ்டர் சின்னதாக இருந்த ஒரே காரணத்தால்தான்.

வேலை இரண்டு நாள். 6 மில்லிமீட்டர் தகட்டில் முட்டுக் கொடுத்து மாஸ்டருக்குப் புதுத் தாங்கி. ஸ்லேவை, கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டிலேயே பிடித்தார், அதனால் அது எஞ்சினோடு சேர்ந்தே ஆடுகிறது. மிதிக்கு ஒரு ஸ்டாப்பர். ஃபோர்க்கில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ப்ளே விட்டார். இல்லாவிட்டால் ஃபோர்க் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே சுற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆயில் டப்பா வைத்த இடம். இந்த ஜீப்பில் மிதி தரையிலிருந்து எழும்புவதால் மாஸ்டர் பலகைக்கு அடியில்தான் வரும். வயல் சேறும் வாய்க்கால் தண்ணீரும் அடிக்கிற இடம். டப்பாவைத் தனியாக ஒரு டியூப் போட்டு பானெட்டுக்குள் உயரத்தில் வைத்துவிட்டார். பானெட்டைத் தூக்கினால் அளவு தெரிகிறது. பிரேக் டப்பாவோடு இதைச் சேர்க்கவில்லை, கிளட்ச்சில் கசிந்தாலும் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது.

பாகமும் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். முதல் இடத்தில் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு சம்பா அறுவடை முழுக்க ஓட்டிவிட்டேன். நாற்பது கிலோ சிப்பங்களை அடுக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நடை, எத்தனை என்று எண்ணவில்லை. கரை ஏறும்போது அந்த உதறல் இல்லை. காலை எந்த இடத்தில் எடுத்தால் பிடிக்கும் என்று தெரிகிறது, நேற்றுப் பிடித்த அதே இடத்தில் இன்றும் பிடிக்கிறது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. மிதி பழைய லிங்கேஜைவிடக் கொஞ்சம் இலகு, அவ்வளவுதான்.

குறையும் உண்டு. பழைய லிங்கேஜில் ஊசி தெறித்தால் வயலிலேயே கம்பி கட்டி வந்துவிடலாம். இதில் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் போனால் கம்பியால் ஆகிற காரியமில்லை. தை மாதம் ஸ்லேவ் கசிந்து மிதி அடியோடு அமுங்கிவிட்டது. முதல் கியரிலேயே போட்டு செல்ஃப் அடித்துக் கிளப்பி, நிற்காமல் வீடு வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு ரப்பர் கிட்டும் சீல் உடைக்காத டாட் 3 பிரேக் ஆயில் பாட்டிலும் சீட்டுக்கடியில் இருக்கின்றன. சின்ன பாட்டிலாக வாங்குங்கள், திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் இருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றவே கூடாது, ரப்பரெல்லாம் ஊதிப்போய் சிலிண்டர் இறுகிவிடும்.

போகிறவர்கள் ஆடிக்கு முன்பே போய்விடுங்கள். நடவு தொடங்கிவிட்டால் பட்டறை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், ஜீப்புக்கு இடம் கிடைக்காது.