ஒலியைப் படத்தோடு பொருத்தும் வேலை: டாவின்சி ரிசால்வின் தானியங்கி ஒத்திசைவு

இரண்டு கேமராக்களும் தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு நீண்ட நேர்காணல்களையும் சொற்பொழிவுகளையும் பதிவு செய்பவன் நான். ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு நொடியில் தொடங்கி வெவ்வேறு நொடியில் நிற்கும். ஆகவே எடிட்டிங்கின் முதல் அரைநாள், அடையாளத்துக்காகத் தட்டிய கைதட்டல் ஒலி எந்த ஃபிரேமில் விழுகிறது என்று தேடுவதிலேயே கழிந்துவந்தது. டாவின்சி ரிசால்வ் என்னும் வீடியோ எடிட்டிங் மென்பொருளில் உள்ள தானியங்கி ஒத்திசைவு வசதி அந்த அரைநாளை எனக்கு மீட்டுத் தந்திருக்கிறது. இலவசப் பதிப்பிலேயே இது கிடைப்பதால், தனியாகப் பதிவு செய்த ஒலியைக் கையாளும் எவரும் தயங்காமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

செய்முறை எளிது. மீடியா பூலில் (கோப்புகளைச் சேர்த்துவைக்கும் பகுதியில்) படக் கிளிப்புகளையும் ஒலிக் கோப்புகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, 'ஆட்டோ சிங்க் ஆடியோ' என்பதன் கீழ் டைம்கோடு (கருவி பதிவோடு சேர்த்துப் பதியும் நேரக் குறி) வழியா, வேவ்ஃபார்ம் (ஒலியின் அலைவடிவம்) வழியா என்று தெரிவு செய்தால் போதும். வேவ்ஃபார்ம் முறையில் மென்பொருள், கேமராவில் பதிவான ஒலியின் அலைவடிவத்தையும் ரெக்கார்டரில் பதிவான ஒலியின் அலைவடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி, எந்த இடத்தில் இரண்டும் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன என்று கணக்கிடுகிறது. எனவே 'நல்ல ஒலிதான் தனியாக இருக்கிறதே' என்று கேமராவின் மைக்கை அணைத்துவிடுபவர்களுக்கு இந்த முறை உதவாது. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசையில், சில தாளச் சுற்றுகள் தள்ளிப் பொருந்திவிடும் வாய்ப்பும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கேமரா ஒலியை நீக்கிவிடாமல், புதிய ஒலியைக் கூடுதல் டிராக்காகச் சேர்க்கும் தெரிவையே நான் பரிந்துரைப்பேன். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, எதிரொலி போல் இரட்டித்துக் கேட்கிறதா என்று செவியால் சோதித்துக்கொள்ள இது வழி செய்கிறது.

இந்த வகை மென்பொருள் எதை ஒத்திசைக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஒலியை உதட்டசைவோடு பொருத்துவதில்லை. ஒலியை மற்றோர் ஒலியோடுதான் பொருத்துகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், பேசுபவரிடமிருந்து 17 மீட்டர் தொலைவில் நிற்கும் கேமராவை அவரது குரல் சுமார் 50 மில்லிநொடி தாமதமாகவே வந்தடைகிறது. அவர் சட்டையில் குத்திய மைக்கின் ஒலியை அந்தக் கேமராவின் ஒலியோடு பொருத்தினால், அதே தாமதம் நல்ல ஒலிக்கும் வந்து சேர்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட படத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஆகவே தொலைவில் நின்ற கேமராவின் கிளிப்பில், ஒத்திசைவு முடிந்தபின் ஒலியை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்துவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுகொள்ளத் தொடங்குகிறார். முந்தும் ஒலியை நாம் விரைவில் கண்டுபிடித்துவிடுகிறோம். இயற்கையில் காட்சிக்கு முன்னால் ஒலி வருவதே இல்லை அல்லவா? எனவே சந்தேகம் வந்தால் ஒலியைச் சற்றுப் பிந்தியே விடுவது நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல், நீண்ட பதிவுகளில் நேரும் விலகல். கேமராவும் ரெக்கார்டரும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றே ஒலியைப் பதிவு செய்தாலும், அவற்றின் உள்கடிகாரங்கள் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடியும், இரண்டு மணி நேரத்தில் 144 மில்லிநொடியும் விலகிவிடும். தொடக்கத்தில் கச்சிதமாக இருந்த சொற்பொழிவு, முடிவில் மூன்று ஃபிரேமுக்கு மேல் தள்ளி நிற்கும். ரிசால்வ் ஒரு கிளிப்புக்கு ஒரே ஓர் இடப்பெயர்ச்சியைத்தான் கண்டுபிடிக்கிறது. ஒலியை நீட்டியோ சுருக்கியோ தருவதில்லை. டைம்கோடு முறையும் தொடக்கப் புள்ளியைச் சொல்லுமே தவிர, கிளிப்புக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்தாது. இதற்கென்றே பெயர் பெற்றிருந்த புளூரல்ஐஸ் மென்பொருள் விலகலையும் சேர்த்தே சரிசெய்தது. அது இப்போது விற்பனையில் இல்லை என்பது இத்துறையில் இருப்பவர்களுக்கு உண்மையான இழப்பு.

விலகலைச் சரிசெய்ய நான் செய்வது இதுதான்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சில் இயல்பாக விழும் மௌனத்தில் ஒலியை வெட்டி, அந்தப் பகுதியைத் தேவையான அளவு நகர்த்திவிடுகிறேன். மௌனத்தில் வெட்டுவதால் காதுக்குத் தெரிவதில்லை. கைப்பேசியில் எடுத்த படமாக இருந்தால், ஃபிரேம் வேகம் இடையிடையே மாறக்கூடும் என்பதால், முதலில் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகே ஒத்திசைவுக்குக் கொடுக்கிறேன்.

பத்து நிமிடத்துக்கு உட்பட்ட கிளிப்புகளுக்கு, அருகில் நின்ற கேமராவோடு பொருத்தும்போது, இந்த வசதியின் முடிவை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய பதிவுகளில் தொடக்கத்தையும் நடுப்பகுதியையும் முடிவையும் தனித்தனியே பார்த்து, உதட்டசைவோடு ஒலி நிற்கிறது என்று உறுதி செய்த பிறகே வெட்டத் தொடங்குகிறேன்.