பேச்சுவார்த்தை விலையா, அவார்டா?

ரயில் பாதைக்கு எங்கள் சர்வே எண்ணும் போகிறது என்று தெரிந்ததும் குடும்பத்தில் ஆளுக்கொரு வழி போனோம். சித்தப்பா பேச்சுவார்த்தையில் விலை பேசி அரசுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அவார்டு, அதாவது கலெக்டர் இழப்பீட்டைக் கணக்கிட்டுப் போடும் உத்தரவு, வரட்டும் என்று இருந்தேன். இன்று கேட்டாலும் அவார்டு என்றுதான் சொல்வேன்.

பேச்சுவார்த்தையில் பணம் சீக்கிரம் வரும், வக்கீல் வேண்டாம், அலைச்சல் குறைவு. ஐந்தாறு சென்ட் மட்டும் போகிறவர்களுக்கும், வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதுவே சரி. ஆனால் கிரயம் பதிவானதோடு கணக்கு முடிந்தது. நாளைக்குப் பக்கத்து வயலுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் சித்தப்பா வாய் திறக்க முடியாது.

அவார்டில் கணக்கு வேறு. வழிகாட்டி மதிப்பு, அல்லது முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இதில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறமானால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்து 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதோடு கிணறு, தென்னை, கட்டடம் எல்லாம் சேரும். வருகிற மொத்தத்துக்குச் சமமாக, 100 சதவீதம், ஆறுதல் தொகை. பெருக்கும் எண் 1 என்றே வைத்தாலும் 10 லட்சம் 20 லட்சமாகிறது.

இடிக்கிற இடம் பத்திரம். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து ஊரே விலையைக் குறைத்துப் பதிந்து வைத்திருக்கிறது, எங்கள் அப்பாவையும் சேர்த்துத்தான். அந்தப் பத்திரங்களே எங்களுக்கு எதிர்சாட்சியாக வந்து நின்றன.

தொகை போதவில்லை என்றால் வாங்காதே என்று டீக்கடையில் சொன்னார்கள். வாங்காவிட்டால், இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாங்கத்தான் வேண்டும். ஆனால் ரசீதில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வாங்கியவர் 64-ஆவது பிரிவில் கூடுதல் தொகை கேட்டு மனுப் போட முடியாது. அலுவலகத்தில் நீட்டிய அச்சடித்த ரசீதில் அந்த வரி கிடையாது. ஒருத்தரும் சொல்லவும் மாட்டார்கள். பெரியப்பா மகன் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பக்கத்துத் தாலுகாவில் இதே மாதிரி ஏமாந்த ஒருவர் பஸ்ஸில் சொன்னார்.

அடுத்தது நாள் கணக்கு. அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தால் அன்றிலிருந்து 6 வாரத்துக்குள் கலெக்டருக்கு மனு போக வேண்டும். இல்லாதவர்களுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து 6 மாதம், எது முந்துகிறதோ அது. கலெக்டர் 30 நாளில் மனுவை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆணையம் 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். என் மனுவுக்கு இது மூன்றாவது வருடம். கடைசியில் எவ்வளவு கூடும், வக்கீலுக்குக் கொடுத்தது போக என்ன மிஞ்சும் என்று என்னால் இன்னும் சொல்ல முடியாது. கூட்டித் தீர்ப்பானால், கூடிய தொகைக்கு நிலத்தை எடுத்த நாளிலிருந்து முதல் வருடம் 9, பிறகு 15 சதவீதம் வட்டி உண்டு. அதனால் வாய்தா விழும்போது முன்போல வயிறு எரிவதில்லை.

பெரியப்பா மகனுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதே அறிவிப்பில் நிலம் போன ஒருவருக்கு ஆணையம் கூட்டிக் கொடுத்தால், மனுப் போடாதவர்களும் 3 மாதத்துக்குள் 73-ஆவது பிரிவில் தங்களுக்கும் அதே விலையைக் கேட்கலாம். முன்னெல்லாம் பொங்கலுக்குத்தான் போன் செய்வார். இப்போது என் வாய்தா தேதிகள் என்னைவிட அவருக்கு நன்றாக மனப்பாடம்.