பங்குனியில் இங்கிலாந்து: யோர்க்கில் மூன்று இரவு, மலையடிவாரத்தில் நான்கு இரவு

பரந்தனில் என்னோடு படிப்பித்த ரீச்சர் ஒருவருக்கு விசா வந்திருக்கிறது. மகன் பேர்மிங்ஹாமில். அடுத்த பங்குனியில் போகிறா. லண்டனைத் தவிர வேறு எங்கே போகலாம் என்று கேட்டா. அவவுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பிள்ளைகளிடம் போகிற அம்மா அப்பாக்கள் எத்தனையோ பேர் ஆறு மாதமும் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

நானும் இவரும் போனது பங்குனிக் கடைசியில். மகள் முதலில் போட்ட திட்டத்தில் ஏழு இரவில் ஐந்து இடம்: பாத், கொட்ஸ்வோல்ட்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ற், யோர்க், எடின்பரோ. "பிள்ளை, பெட்டி கட்டி அவிழ்க்கவே நாள் போயிடும், இரண்டு இடம் போதும்" என்றேன். பங்குனியில் அங்கே மரங்கள் இன்னும் துளிர்த்திருக்காது. கொட்ஸ்வோல்ட்ஸ் ஊர்களுக்கு அழகே வீட்டுத் தோட்டங்கள். அதை வைகாசி, ஆனியில் பார்க்கலாம். மொட்டை மரக் காலத்தில் கண்ணுக்குக் கிடைப்பது கல்லும் நிலத்தின் வளைவும் ஆட்டுக்குட்டியும். மழை வந்தால் ஒதுங்க நல்ல கூரை உள்ள பட்டினம் ஒன்று, ஆட்டுக்குட்டி பார்க்க ரெயின் போகிற கிராமம் ஒன்று. அப்படித்தான் யோர்க்கையும், செற்றில் என்ற சின்ன ஊரையும் எடுத்தோம்.

ரிக்கெற் விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து போவதென்றால் 'டூ ருகெதர்' ரெயில் அட்டை எடுங்கள். ஒரே அட்டையில் இரண்டு பேரின் படமும் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு கழிவு. கிழமை நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும், இரண்டு பேரும் ஒன்றாகப் போகவேண்டும். முன்கூட்டியே எடுக்கும் ரிக்கெற் மலிவு, ஆனால் அதில் எழுதியிருக்கும் ரெயினை விட்டால் அந்த ரிக்கெற் வீண். கிங்ஸ் குறொஸில் ஏறினால் யோர்க் இரண்டு மணித்தியாலம் அளவுதான்.

யோர்க் நடந்தே பார்க்கக்கூடிய பட்டினம். ஸ்ரேசனை விட்டு வெளியே வந்ததுமே பழைய மதில் தெரிகிறது, அதன் சரிவில் மஞ்சள் டாஃபடில் பூத்துக் கிடந்தது. மதிலுக்கு மேலே நடக்கலாம், 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, காசில்லை. மழை பிடித்த அன்று மின்ஸ்ரர் தேவாலயத்துக்குள் போனோம். அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்த காசு வீணில்லை. கிழக்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி யன்னலை 1405க்கும் 1408க்கும் இடையில் ஜோன் தோர்ன்ரன் என்ற கலைஞர் செய்திருக்கிறார். உலகம் படைக்கப்பட்டதும் உலகத்தின் முடிவும் அந்த ஒரே யன்னலில். கழுத்து நோகும்வரை நின்று பார்த்தேன். ஷாம்பிள்ஸ் என்ற ஒடுங்கிய தெரு ஒருகாலத்தில் இறைச்சிக்கடைத் தெரு. கடை முகப்புகளில் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் சனநெரிசல். ஒன்பது மணிக்கு முன்னம் போங்கள். ரெயில் நூதனசாலை இலவசம். 1938இல் மணிக்கு 203 கிலோமீற்றர் ஓடிய 'மலார்ட்' என்ற நீல நீராவி இயந்திரம் அங்கேதான் நிற்கிறது. இவரை அதற்குப் பக்கத்திலிருந்து கிளப்பி எடுக்க எனக்கு ஒரு மணித்தியாலம் ஆயிற்று.

சனிக்கிழமை லீட்ஸில் மாறி செற்றிலுக்குப் போனோம். அங்கே முதல் இரவு நன்றாக அமையவில்லை. நாங்கள் எடுத்த விருந்தினர் இல்லத்தில் இராச்சாப்பாடு உண்டு என்று எழுதியிருந்தார்கள், போனால் இந்த மாதத்தில் சமையல் இல்லையாம். கடைகளும் பூட்டியாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஹீற்றரையும் நிறுத்திவிட்டார்கள். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு ஜக்கெற்றோடு படுத்தோம். அடுத்த நாளே மகள் குசினியோடு ஒரு சின்ன வீடு பிடித்துத் தந்தாள், அதுதான் சரி. கிராமத்தில் நிற்பதென்றால் குசினி உள்ள இடமாகப் பாருங்கள். சாப்பாடும் ஹீற்றரும் அந்த மாதத்தில் உண்டா என்று நேரே எழுதிக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை 1249இல் அரச பட்டயம் பெற்ற சந்தை. இருட்டுக் கொட்டிலுக்குள் வளர்த்து மெழுகுதிரி வெளிச்சத்தில் வெட்டுகிற ருபார்ப் என்ற இளஞ்சிவப்புத் தண்டு அங்கே கிடைத்தது. வாயில் வைத்தால் நல்ல புளி. பழப்புளிக்குப் பதிலாகப் பருப்பில் போட்டேன், சோற்றோடு நன்றாகச் சேர்ந்தது.

இனி நிலத்துக்கு வருகிறேன். மலை முழுக்கக் கல்மதில் ஓடுகிறது, ஒரு துளி சீமெந்து கிடையாது. இடிந்த இடம் ஒன்றில் குனிந்து பார்த்தேன். இரண்டு சுவரை ஒன்றையொன்று பார்த்துச் சாய்த்து எழுப்பி, நடுவில் சல்லிக் கல்லை இறுக்கி, இடைக்கிடை ஒரு நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். மேலே அலுமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல நிமிர்த்திய கற்கள். அடியில் ஆடு நுழைய அளவாக ஒரு சதுர ஓட்டை. வருடா வருடம் கிடுகு மாற்றி வேலி அடைத்த எனக்கு அதை விட்டு வர மனமில்லை.

ஆடுகள் கறுப்பு முகமும் வெள்ளை மூக்குமாக. தாயின் விலாவில் நீல நிறத்தில் 47 என்று எழுதியிருந்தால் அதன் இரண்டு குட்டியிலும் 47. குளிர் தாங்காத குட்டி ஒன்றுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் சட்டை போட்டிருந்தார்கள். இவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "எங்கட மாட்டுக்குக் குறி சுடுறமே, இது அதுகளுக்கு நோகாது" என்றார்.

செற்றிலில் இருந்து ரெயினில் கால் மணித்தியாலம் போனால் றிபிள்ஹெட். 24 வளைவு, 400 மீற்றர் நீளம், 32 மீற்றர் உயரத்தில் கல்லால் கட்டிய ரெயில் பாலம். அங்கே காற்று ஆளைத் தள்ளும், காதை மூடும் தொப்பி கட்டாயம் வேண்டும். 1870இல் வேலை தொடங்கி, 1876இல் பயணிகள் ரெயின் ஓடியிருக்கிறது. வேலைக்கு வந்த கூலிக்காரர்கள் பாலத்தடியிலேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு இருந்திருக்கிறார்கள். விபத்திலும் அம்மையிலும் செத்தவர்களைப் பக்கத்துச் சேர்ச் வளவில் புதைத்திருக்கிறார்கள். 1980களில் இந்தப் பாதையை மூடப் பார்த்தார்களாம். மறுப்புத் தெரிவித்து 22,000க்கு மேல் மனு போயிருக்கிறது. அதில் ஒரு நாயின் கால் அடையாளமும் ஒன்று. 1989இல் பாதை தப்பியது. கார்ஸ்டேல் ஸ்ரேசனில் அந்த நாய்க்குச் சிலையே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரெயின் போரால் 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம். கிளிநொச்சிக்குத் திரும்ப ரெயின் வர 2013 ஆயிற்று. அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது எங்கள் இரண்டு பேருக்கும் கதை வரவில்லை. ஒரு பாதையை வேண்டாம் என்று சொல்லவிடாமல் சனம் கையெழுத்து வைக்க முடிந்த நாடு அது.

செற்றில், றிபிள்ஹெட் பக்கம் ரெயின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று அளவில்தான், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு, அதனால் திரும்புகிற நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், புல்வெளி முழுக்கச் சேறு. பங்குனிக் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு போனால் ஏழரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

கடைசிப் பின்னேரம் அந்தப் படலையடிக்குத் திரும்பப் போனோம். வெயில் சாய்கிற நேரம் குட்டிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மதில் கரையோரம் ஓடுவதும் திரும்புவதுமாக நின்றன. 47ஆம் நம்பர் இரண்டும் முன்னுக்கு. "நாளைக்குக் காலமையும் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவம்" என்றார் இவர். எங்கள் அட்டை 9.30க்குப் பிறகுதானே செல்லும், நேரம் இருந்தது. போனோம்.