தண்டையார்பேட்டை ஆவண எழுத்தர் ஒருவரிடம் சிறப்புத் திருமணப் பதிவு

என் தங்கை மகளும் அவள் விரும்பிய கிறித்தவ இளைஞரும் மதம் மாறாமல், எந்தச் சமயச் சடங்கும் இன்றி மணம்புரிய முடிவு செய்தபோது, தண்டையார்பேட்டையில் உள்ள ஓர் ஆவண எழுத்தரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும், இந்துத் திருமணச் சட்டத்தின் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கே பொருந்தும் என்பதையும், இவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே உகந்தது என்பதையும் அவர் முதல் சந்திப்பிலேயே தெளிவாக்கினார்.

அவர் பணியில் நான் மிகவும் மதிப்பது அறிவிப்புக் காலத்தை விளக்கிய பொறுமையை. மணம்புரியப் போவதாக அறிவிப்புக் கொடுக்கும் முன், இருவரில் ஒருவராவது திருமண அலுவலரின் எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அதன்பின் அந்த அறிவிப்பு மேலும் 30 நாள் அனைவர் பார்வைக்கும் வைக்கப்படும். ஏற்கெனவே மணமாகித் துணை உயிரோடிருத்தல், வயதுக் குறைவு, தடுக்கப்பட்ட உறவுமுறை போன்ற சட்டக் காரணங்களே ஆட்சேபமாகும், பெற்றோரின் மனத்தாங்கலோ மத வேறுபாடோ ஆகாது என்று அவர் சொன்னபோதுதான் அவள் முகம் தெளிந்தது. கோயிலில் தாலி கட்டுவோருக்கு இல்லாத இந்தக் காத்திருப்பு, மதச்சார்பற்ற சட்டத்தை நாடுவோருக்கு மட்டும் ஏன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்று சாட்சிகளும் அசல் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் அவர் முன்னரே சொல்லவில்லை. பதிவு நாளன்று ஒருவர் காசிமேட்டுக்குத் திரும்பிச் சென்று எடுத்துவர நேர்ந்தது. கட்டணத்தை முதலிலேயே கூறி, ரசீதும் தந்தார்.