கிள்ளானில் இருந்துகொண்டு லிவர்பூலை ஆதரிப்பது: நீண்டகால அனுபவம்

லிவர்பூல் காற்பந்துக் குழுவின் ஆதரவாளராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இருப்பது மலேசியாவின் கிள்ளானில். அவர்களுடைய ஆன்ஃபீல்டு அரங்கத்தை நேரில் பார்த்ததில்லை, இங்கிலாந்துக்கே போனதில்லை. "சொந்தமா பந்தமா, யாரோ ஆடுறதுக்கு நீ எதுக்குடி ராத்திரி முழிக்கிற" என்று அம்மா அன்று கேட்டார். இப்போது வேலையிடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள்: எந்தக் குழுவைப் பிடிக்கலாம், எவ்வளவு செலவாகும், தூக்கம் கெடுமா என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூரத்துக் குழுவை யாரும் கடையில் சட்டை எடுக்கிற மாதிரி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. நமக்கு விவரம் தெரிகிற வயதில் வீட்டுத் தொலைக்காட்சியில் யார் ஓடிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாருக்காகக் கத்தினார், இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. மலேசியாவில் ஒருவர் எந்தக் குழு என்று சொன்னாலே வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அறுபதை நெருங்கியவர் என்றால் பெரும்பாலும் லிவர்பூல், ஏனென்றால் 1977, 1978, 1981, 1984 என்று ஐரோப்பியக் கிண்ணத்தை அவர்கள் அள்ளிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். நாற்பதுகளில் இருப்பவர் என்றால் எம்.யூ, அதாவது மான்செஸ்டர் யுனைடெட், காரணம் அவர்களின் பயிற்றுநர் ஃபெர்குசன், 1993க்கும் 2013க்கும் நடுவில் பதின்மூன்று லீக் பட்டம். அதற்கும் இளையவர்கள் என்றால் செல்சி, மான்செஸ்டர் சிட்டி. நான் எம்.யூ வயசு. வீட்டில் அப்பா இருந்ததால் லிவர்பூல்.

அப்பா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். வேலை முடிந்ததும் தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடியவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். அவருக்கு முதல் குழு லிவர்பூல் கிடையாது, எங்கள் மாநில அணி சிலாங்கூர். கோல் அடிக்க மொக்தார் டஹாரி, அப்புறம் கோல் கம்பத்தில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். ஆறுமுகத்தின் கை நீளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பா தன் கையை நீட்டிக் காட்டாமல் முடிக்க மாட்டார். 1980இல் தென் கொரியாவை வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, மாஸ்கோவைப் புறக்கணித்ததால் போகாமலே விட்ட மலேசிய அணியிலும் ஆறுமுகம் இருந்தார். 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோனார். 1994, 95இல் இங்கே லீக்கில் லஞ்ச விவகாரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், பலரைத் தடை செய்தார்கள். அதோடு அப்பா அரங்கத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். 1996இல் ஆஸ்ட்ரோ என்ற சந்தாத் தொலைக்காட்சி வந்தது, இங்கிலாந்து லீக் வாராவாரம் நேரலையாக வீட்டுக்குள் வந்தது. தூரத்துக் குழுக்கள் வந்து உள்ளூர் காற்பந்தைக் கெடுத்துவிட்டன என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் உள்ளூர் காற்பந்து முதலில் மனதை உடைத்தது, அப்புறம்தான் லிவர்பூல் முழுசாக வந்து உட்கார்ந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. நார்வேயிலும் சுவீடனிலும் 1969 நவம்பர் 29 அன்று முதல் முறையாக ஓர் இங்கிலாந்து லீக் ஆட்டத்தை நேரலையாகக் காட்டினார்கள், வுல்வர்ஹாம்ப்டனும் (சுருக்கமாக வுல்வ்ஸ்) சண்டர்லாந்தும் ஆடியது. அங்கே மக்கள் காற்பந்துப் பந்தயச் சீட்டு போடுவார்கள், சீட்டில் இங்கிலாந்து ஆட்டங்கள் இருக்கும், குளிர்காலத்தில் சொந்த லீக் பனியில் நின்றிருக்கும். சனிக்கிழமை பொழுது போக வேறு என்ன வேண்டும்? அந்த ஓர் ஒளிபரப்பிலிருந்து கிளம்பிய வுல்வ்ஸ் ரசிகர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கொரியாவில் தங்கள் நாட்டு ஆட்டக்காரர் சோன் ஹியூங்மின்னால் டோட்டன்ஹாம், எகிப்தில் அதேபோல் சாலாவால் லிவர்பூல். வாசல் ஒவ்வொருவருக்கும் வேறு.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். முதலில் நேரம். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்கு அவர்களுடைய கோடையில் இரவு 10, குளிர்காலத்தில் 11. இது சுகமான நேரம். பிரிட்டனில் சனி மதியம் 2.45 முதல் 5.15 வரை காற்பந்தை நேரலையாகக் காட்டக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக ஒரு விதி இருக்கிறது, மக்கள் அரங்கத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. ஆகவே ஆன்ஃபீல்டுக்கு இரண்டு தெரு தள்ளி டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் இருப்பவர் பார்க்க முடியாத ஆட்டத்தை நான் கிள்ளானில் தே தாரிக் குடித்துக்கொண்டே பார்க்கிறேன். இதை முதலில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அப்புறம் கூச்சமாக இருந்தது. ஐரோப்பிய ஆட்டங்கள்தான் உடம்பைக் கேட்கும், விடிகாலை 3 அல்லது 4. மறுநாள் வேலை இருந்தால் ஒன்பது மணிக்கே படுத்து எழுந்து பார்ப்பது நல்லது. முழித்திருந்து பார்க்கலாம் என்று நினைத்தால் பாதி ஆட்டத்தில் கண் சொருகும்.

எங்கே பார்ப்பது என்பது அதைவிட முக்கியம். தனியாக அறையில் கைப்பேசியில் பார்த்தால் இந்தப் பழக்கம் ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம். எங்களுக்கு மாமாக் கடை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற, பல இடங்களில் இரவெல்லாம் திறந்திருக்கிற சாப்பாட்டுக் கடை, பெரிய ஆட்டம் என்றால் வெளியே திரை கட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியை வீதி வரை இறக்கிவிடுவார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிற இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை, மிலானுக்கு எதிராகப் பாதி நேரத்தில் 0-3 என்று இருந்ததை, அண்ணன் என்னை அழைத்துப்போய்க் காட்டியது அங்கேதான். ஆறு நிமிடத்தில் மூன்று கோலைத் திருப்பி, பினால்டியில் ஜெயித்து, நாங்கள் எழுந்தபோது கிழக்கு வெளுக்கிற நேரம். அப்போதெல்லாம் அந்த மேசைகளில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கடைக்காரர் "தங்கச்சி, இங்க உட்காரும்மா" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார், அது எனக்கான இடமாகவே ஆகிப்போனது. இப்போது பெண்கள் தனி மேசையே பிடிக்கிறார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் ஓர் இரவைச் சொல் என்றால் நான் 2019 மே 8ஐச் சொல்வேன். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டு ஆட்டத்துக் கோலையும் கூட்டித்தான் முடிவு. பார்சலோனாவிடம் முதல் ஆட்டத்தில் 0-3 தோல்வி. சாலாவும் ஃபிர்மினோவும் காயத்தில். நோன்பு தொடங்கி மூன்றாம் நாள், ஆட்டம் நமக்கு விடிகாலை 3 மணி, ஆகவே கடையில் பாதிப் பேர் ஆட்டத்துக்கு வந்தவர்கள், பாதிப் பேர் நோன்புக்கு முன் சஹர் சாப்பிட வந்தவர்கள். ரொட்டிக் கல்லில் மாவு விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. எங்களுக்கு ஒரிகி 7ஆம் நிமிடத்தில் முதல் கோல். பிற்பாதியில் வைனால்டம் 54, 56 என்று இரண்டு. அப்போதுதான் சாப்பிட மட்டும் வந்தவர்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு திரைப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். 79ஆம் நிமிடம், அலெக்ஸாண்டர்-ஆர்னால்டு கார்னரை வைத்துவிட்டு நாலடி விலகிப் போனவர் சட்டென்று திரும்பி உதைக்கிறார், பார்சலோனாக்காரர்கள் யாரும் தயாராக இல்லை, ஒரிகி அடித்துவிட்டார், கூட்டிப் பார்த்தால் 4-3. என்ன நடந்தது என்று எங்களுக்கும் மறு ஒளிபரப்பில்தான் புரிந்தது. பக்கத்து மேசைப் பெரியவர், எம்.யூ சட்டை போட்டவர், எழுந்து நின்று கைதட்டினார். ரொட்டி போடுகிற தம்பி கல்லை விட்டு ஓடி வந்துவிட்டதில் இரண்டு ரொட்டி கருகிப்போனது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தும் நோன்பு நோற்பவர்களுக்குச் சாப்பிட நேரம் இருந்தது.

2011 ஜூலையில் லிவர்பூலே கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தது, மலேசிய அணியோடு ஆட. கென்னி டால்கிலிஷ் பயிற்றுநர், அப்பாவுக்கு அவர்தான் எல்லாம். லிவர்பூலின் சுவாரேஸ் தன் நாட்டுக்காக கோப்பா அமெரிக்கா போட்டியில் இருந்தார், வரவில்லை. அரங்கம் முழுக்கச் சிவப்பு, அந்தச் சிவப்பு எதிரணிக்கு. நாங்களும் சிவப்புதான் போட்டிருந்தோம். ஆறு மாதத்துக்கு முன்புதான் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றிருந்தது, அதில் அதிக கோல் அடித்த சாஃபி சாலி இந்த ஆட்டத்திலும் கோல் அடித்தார். லிவர்பூல் சட்டையோடு நான் துள்ளிக் குதித்தேன், அப்பாவும்தான், சுற்றியிருந்த சிவப்புச் சட்டைகளும்தான். 6-3 என்று லிவர்பூல் ஜெயித்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பேசியது முழுக்க அந்த மூன்றைப் பற்றி. இரண்டு பக்கமும் மனசு இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த ஆட்டம்தான்.

நீண்ட நாள் ஆதரித்தால் இன்னொன்றும் சேர்ந்து வரும், அந்த ஊரின் துக்கம். 1989 ஏப்ரல் 15, லிவர்பூல் ஆடவிருந்த ஹில்ஸ்பரோ அரங்கம். கூட்ட நெரிசலில் 97 பேர் போனார்கள், கடைசியாக ஒருவர் 2021இல், அன்று பட்ட காயத்தின் விளைவாக. 'தி சன்' பத்திரிகை பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று மரண விசாரணை ஜூரி சொல்ல 2016 ஆகிவிட்டது, இருபத்தேழு வருடம். லிவர்பூல் நகரத்தில் இன்றும் பல கடைகளில் அந்தப் பத்திரிகை கிடையாது. கிள்ளானில் இருக்கிற நானும் அதன் இணைய இணைப்பைத் தொடுவதில்லை, யார் அனுப்பினாலும். கிண்ணத்துக்கு மட்டும் கைதட்டிவிட்டு இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பவரை நான் பாதி ஆதரவாளராகத்தான் நினைப்பேன், கடுமையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

அதே 2016இல், பிப்ரவரி மாதம், டிக்கெட் விலையை 77 பவுண்டு வரை ஏற்றப் போகிறோம் என்று குழு சொன்னதும் சண்டர்லாந்து ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். 2-0 என்று முன்னணியில் இருந்த ஆட்டம் 2-2 என்று முடிந்தது. திரையில் இருக்கைகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையை நிறுத்திவைத்தார்கள். 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் குழுக்கள் சேர்ந்து தங்களுக்கென்று தனியாக ஒரு சூப்பர் லீக் என்று அறிவித்தபோது லிவர்பூலும் அதில் இருந்தது. உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்களுக்காக என்று பேசினார்கள், அதாவது என்னைப் போன்றவர்களுக்காக. எங்களிடம் யார் கேட்டார்கள்? எனக்குப் பிடித்ததே அந்த ஊரோடு ஒட்டிய குழுவைத்தான். ஊரை வெட்டிவிட்டு எனக்கு விற்க வந்தால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு சட்டையும் மாதச் சந்தாவும். இரண்டு நாளில் இங்கிலாந்து ரசிகர்கள் அதை மூட வைத்தார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

செலவு பெரிதில்லை. சந்தா, கடையில் சாப்பாடு, ஆசைப்பட்டால் ஒரு ஜெர்சி. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மலிவாகக் கிடைப்பது நாலு துவைப்பில் எழுத்து உரிந்துவிடும், நல்லதை வாங்கிப் பல வருடம் போடுங்கள். உண்மையான ஆபத்து பந்தயம். அதே மேசையில், அதே சிரிப்போடு, "சும்மா ஐம்பது வெள்ளி" என்றுதான் தொடங்கும். காரை விற்றவரை எனக்குத் தெரியும், குடும்பம் பிரிந்தவரையும் தெரியும். பந்தயம் கட்டுகிறவருக்குக் குழு என்று ஒன்று இருக்காது, எண்தான் இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் தோல்வி. 2014 ஏப்ரலில் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது செல்சியோடு எங்கள் அணித்தலைவர் ஜெரார்டு வழுக்கி விழுந்தது. 2020இல் முப்பது வருடம் கழித்து லீக் வந்தது, ஊரடங்குக் காலம், விடிகாலையில் வீட்டுக்குள்ளேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம். 2025 ஏப்ரலில் டோட்டன்ஹாமை 5-1 என்று வென்று இருபதாவது பட்டம். அதே வருடம் ஜூலையில் எங்கள் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பியும் கார் விபத்தில் போனார்கள். ஜோட்டா திருமணம் முடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று இரவு ஆட்டம் எதுவும் இல்லாமலே நாங்கள் கடையில் கூடினோம். யாரும் சொல்லி வைத்து வரவில்லை.

இப்போது அண்ணன் மகன் சிட்டி. ஹாலண்டுதான் காரணம், வான்நீலச் சட்டையில் 9 போட்டுக்கொண்டு எங்கள் மேசையில் வந்து உட்காருகிறான். அண்ணனுக்கு மனசே ஆறவில்லை, "ஜெயிக்கிற பக்கம் ஓடுறான் பாரு" என்கிறான். அப்பா லிவர்பூலைப் பிடித்தபோது அவர்களும் ஐரோப்பாவின் சாம்பியனாகத்தானே இருந்தார்கள் என்று கேட்டேன், அண்ணன் பேச்சை மாற்றினான். பையனிடம் வேறு ஒன்று சொன்னேன்: உன் குழு 1999இல் மூன்றாம் பிரிவில் கிடந்தது தெரியுமா, வெம்ப்ளியில் கில்லிங்ஹாமிடம் 0-2 என்று தோற்றுக்கொண்டிருந்து, கூடுதல் நிமிடத்தில்தான் டிக்கோவ் சமன் செய்தார். "பொய் சொல்றீங்க அத்தை" என்றான். கைப்பேசியில் தேடிப் போட்டுக் காட்டினேன். டிக்கோவ் கோல் வரை பார்த்துவிட்டு, பினால்டியையும் போடச் சொன்னான்.