ரம்பிள் 100, ராக்கெட் ஆர்பி-112, கிரஷ் பேஸ் 50: எந்த காம்போ ஆம்பை வாங்கலாம்?

கோலாலம்பூரில் ஜாமிங் ஸ்டூடியோவுக்குப் போனால் பேஸ் கிட்டாருக்கான ஆம்ப் அங்கேயே இருக்கும். பெரிய மண்டபத்துக்கு பிஏ சிஸ்டம் (கூட்டத்துக்கான ஒலிபெருக்கி அமைப்பு) வாடகைக்கு வந்துவிடும். சொந்த ஆம்புக்கு மிச்சமிருப்பவை இரண்டே வேலைகள்: கோண்டோவில் பயிற்சி, கல்யாண விருந்திலோ கோயில் திருவிழா மேடையிலோ வாசிப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொள்வது. இந்தக் கணக்கில் அதிகம் கேட்கப்படும் காம்போக்கள், அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளவை, மூன்று: ஃபெண்டர் ரம்பிள் 100, ஆம்பெக் ராக்கெட் பேஸ் ஆர்பி-112, ஆரஞ்சு கிரஷ் பேஸ் 50. மூன்றிலும் ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். முதல் இரண்டும் 100 வாட், மூன்றாவது 50.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்குத் தெரியும், ஆனால் சத்தம் இரு மடங்கு ஆகாது. அப்படித் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். டிரம்ஸோடு போட்டி போட மூன்றுமே சிரமப்படும். கையால் அடிக்கும் தபலா, கீபோர்டு, ஒரு பாடகர் என்ற அளவில் 100 வாட் தாக்குப்பிடிக்கும், 50 வாட் மூச்சு வாங்கும்.

எடையில்தான் பெரிய வித்தியாசம். ரம்பிள் 100 சுமார் 10 கிலோ. கிளாஸ் டி என்ற, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை பவர் ஆம்ப் என்பதால் இவ்வளவு லேசு. ஒரு கையில் ஆம்ப், தோளில் பேஸ் பை, இன்னொரு கையில் கேபிள் பை என்று ஒரே நடையில் போய்விடலாம். ஆர்பி-112 சுமார் 16 கிலோ. பிரிக்ஃபீல்ட்ஸில் காரை எங்கோ நிறுத்திவிட்டு நடப்பவருக்கும், லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நான்காம் மாடியில் இருப்பவருக்கும் அந்த 6 கிலோ என்னவென்று தெரியும்.

தொனியில் ஆம்பெக்தான் ஒரு படி மேல். ஒலியைக் கரகரப்பாக்கும் அதன் எஸ்ஜிடி ஓவர்டிரைவைக் கொஞ்சமாகத் திறந்தால் நடுச்சுருதியில் ஓர் உறுமல் வருகிறது. கீபோர்டு நிறைந்த பாட்டிலும் பேஸ் காணாமல் போகாது. ரம்பிள் சுத்தமான, சமதளமான தொனி. அதிலுள்ள கான்டூர் பொத்தான் நடுச்சுருதியைக் குடைந்து எடுப்பதால், கடையில் தனியாக வாசிக்கும்போது அபாரமாக இருக்கும், மேடையில் பேஸையே விழுங்கிவிடும். ஆம்பெக்கின் அல்ட்ரா லோ பொத்தானும் அதே ரகம். இந்த இரண்டு பொத்தான்களையும் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சில் கெயின், பிளெண்ட் இரண்டும் இருப்பதால் சுத்தமான ஒலியோடு கரகரப்பைக் கலக்கலாம், அடிச்சுருதி கரையாது. உள்ளேயே டியூனரும் உண்டு.

ஐந்து தந்தி வாசிப்பவர் கவனிக்க வேண்டியது: தாழ்ந்த பி தந்தி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ், இ தந்தி 41. இவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அந்த அடிப்படை ஒலி பெரிதாக வெளியே வராது. அதன் மடங்குகளாக மேலே ஒலிக்கும் ஹார்மானிக்ஸை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்கிறது. அடி போதவில்லை என்று பேஸ் நாபை 12 டெசிபெல் ஏற்றினால் அந்தச் சுருதிகளுக்கு 16 மடங்கு சக்தி தேவை. 10 வாட்டில் ஓடிய இடத்துக்கு 160 வாட். ஆம்பில் அது இல்லை, ஸ்பீக்கர் கோன் எல்லை தாண்டி அடித்துப் படபடக்கும். பேஸ் நாபைக் குறைத்து, லோ-மிட்டைச் சற்றுக் கூட்டினால் மண்டபத்தில் தெளிவாகக் கேட்கும். டைல்ஸ் தரையில் மூலையில் வைத்தால் எதுவானாலும் குமுறும். ஒரு நாற்காலியில் ஏற்றிக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

மேடைக்கு முக்கியமானது பின்புறத்து எக்ஸ்எல்ஆர் அவுட், அதாவது மிக்சருக்கு நேராக ஒலி அனுப்பும் மூன்று முள் இணைப்பு. ரம்பிளிலும் ஆம்பெக்கிலும் உண்டு. ஆரஞ்சில் ஹெட்ஃபோன் அவுட்டையே லைன் அவுட்டாகப் பயன்படுத்த வேண்டும்; நீளமான கேபிளில் இரைச்சல் வராமலிருக்க சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் தனி டிஐ பாக்ஸ் வாங்கியே ஆகவேண்டும். கடையில் கேட்டு ஒரு மிக்சரில் செருகி, மாஸ்டர் நாபைத் திருப்பிப் பாருங்கள். மிக்சரின் மீட்டரும் சேர்ந்து ஏறி இறங்கினால், மேடையில் உங்கள் ஆம்பைக் கூட்டும்போதெல்லாம் சவுண்ட் இன்ஜினியர் உங்களை முறைப்பார். 'ம்ம்ம்' என்ற ஹம் வந்தால் அந்த அவுட்டின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றும் பழைய வித்தை உயிருக்கே ஆபத்து.

அடிக்கடி மேடையேறுபவருக்கு ரம்பிள் 100. கார் நிற்கும் இடத்திலிருந்து மேடை பக்கம்தான் என்றால், அல்லது ஆம்ப் வீட்டைவிட்டு அதிகம் நகராது என்றால், ஆம்பெக். ஆரஞ்சு வீட்டுக்கு மட்டும்.

பிஏவில் பேஸுக்கு இடமே தராத சின்னக் குழுவில் டிரம்ஸோடு வாசிப்பவர் இந்த மூன்றையும் விட்டுவிடலாம். ரம்பிள் 500-இல் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், மேல்சுருதிக்கு ஒரு ஹார்ன். தனியாக 8 ஓம் மின்தடையில் 350 வாட்; இன்னொரு 8 ஓம் கேபினெட்டை (தனி ஸ்பீக்கர் பெட்டி) சேர்த்தால் 4 ஓமில் 500 வாட். எடை 16.6 கிலோ, அதாவது ஆர்பி-112-ஐத் தூக்க முடிந்தவர் இதையும் தூக்கலாம். ரம்பிள் 100-இல் கூடுதல் கேபினெட் போட வழியே இல்லை.

கடையில் சோதிக்கும்போது உங்கள் சொந்த பேஸையே கொண்டுபோங்கள். எல்லா நாபும் நடுவில், எல்லாப் பொத்தானும் அணைந்த நிலையில், இ தந்தியை வெறுமையாகத் தொடங்கி 12-ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கிரில்லோ கைப்பிடியோ 'கிர்' என்று நடுங்கினால் வேறு பெட்டி கேளுங்கள். உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் ஆம்பெக்கின் -15 டெசிபெல் உள்ளீட்டில் செருகுங்கள். 0-வில் செருகிவிட்டு ஆம்ப் கிழிகிறது என்று குறை சொல்பவர்கள் நிறைய.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முதலில் பின்புற மின்னழுத்த லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து நேரடியாக வந்த 120 வோல்ட் பெட்டியை நம்மூர் 240 வோல்ட் பிளக்கில் செருகினால் ஃபியூஸ் போகும், சில சமயம் பவர் சப்ளையும் சேர்ந்து போகும். அடுத்து டார்ச் அடித்து கோனைப் பாருங்கள். நம்மூர் ஈரத்தில் மூலையில் கிடந்த பெட்டி என்றால் காகிதக் கோனில் வெள்ளைப் பூசணம் பூத்திருக்கும், நாப்கள் திருப்பும்போது 'கரகர' என்னும். நாபை கான்டாக்ட் கிளீனரால் சரிசெய்துவிடலாம். கோன் போனால் ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும்.