இகுவானோடானின் இரண்டு உருவங்கள்

லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854 முதல் நிற்கும் இகுவானோடான் என்னும் டைனோசரின் சிலையையும், பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கும் எலும்புக்கூடுகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், இரண்டும் ஒரே பெயருடைய விலங்கு என்று நம்பச் சற்றுத் தயங்குவார். பற்களும் உதிரி எலும்புகளும் மட்டுமே கிடைத்திருந்த காலத்தில் உருவான லண்டன் சிலையில், ஆங்கிலேயப் புதைபடிவ ஆய்வாளர் கிடியன் மான்டெல் 1825இல் பெயர் சூட்டிய அந்த விலங்கு காண்டாமிருகம்போல் தடித்து, நான்கு கால்களை ஊன்றி, மூக்கின்மேல் ஒரு கொம்பையும் சுமக்கிறது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான், சிலையில் கொம்பாக வைக்கப்பட்ட கூம்பு வடிவ எலும்பு மூக்குக் கொம்பன்று, கட்டைவிரல் முள் என்பது உறுதியானது.

ஆகவே பிரஸ்ஸல்ஸ் உருவமே நம்பத்தக்கது என்பேன். ஆனால் அதுவும் பிழையற்றதன்று. அந்த எலும்புக்கூடுகளை அமைத்த ஆய்வாளர் லூயி டோலோ அதைக் கங்காருவைப்போல் நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றவைத்தார். எலும்பாக இறுகிய தசைநாண்கள் முதுகெலும்பை ஒட்டிப் பின்னலாக ஓடுவதால், உயிருள்ள விலங்கின் வால் அப்படி வளைந்திருக்கவே முடியாது. 1980இல் தொல்லுயிரியலாளர் டேவிட் நார்மன், வாலைக் கிடையாக நீட்டி, பெரும்பாலும் நான்கு கால்களில் நடந்த விலங்காக அதை விவரித்தார். வேடிக்கை என்னவென்றால், கொம்பில் அவ்வளவு தவறிய லண்டன் சிலை, ஊன்றிய கால்களின் எண்ணிக்கையில் மட்டும் பிரஸ்ஸல்ஸைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது.